பாய்லர் அலமாரியில் பொங்கிய இஞ்சித் தண்ணி

1

இந்தக் குறிப்பை அனுப்புவதற்கு முன் என் கணவர் செல்வின் இரண்டு தடவை படித்துவிட்டார். ஒரே ஓர் இடத்தில்தான் கை வைத்தார். 'அவர் உடம்பு சரியில்லாமல் இருந்த காலத்தில்' என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'குடித்துக்கொண்டிருந்த காலத்தில்' என்று மேலே எழுதிக் கொடுத்தார். நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"எழுதணும்னா நேரா எழுது ஜெசி. இல்லேன்னா எழுதாண்டாம்" என்றார்.

ஆகவே நேராகவே எழுதுகிறேன். நெய்யூர், தக்கலை, நாகர்கோவில் பக்கத்து உறவுக்காரர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்துகொள்ளலாம். பதினாறு வருடமாக நான் உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை முழுசாகச் சொல்லப் போகிறேன். அதற்கு முன் இஞ்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே கதைதான்.

2

எங்கள் மகள் ஜெனிக்கு இந்த டிசம்பரில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை டாம் இந்த ஊர்க்காரன், வட இங்கிலாந்துப் பையன், நல்ல பிள்ளை. காலையில் தேவாலயத்தில் திருமணம், அதன் பிறகு ஊருக்கு வெளியே ஒரு பழைய மாளிகையில் விருந்து. இங்கே விருந்து என்றால் சாப்பாடு முடிந்ததும் மைக்கைப் பிடித்து ஆளாளுக்குப் பேசுவார்கள். ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் எல்லோரும் எழுந்து நின்று, ஒல்லியான நீளக் கண்ணாடித் தம்ளரைத் தூக்கி, ஷாம்பெயின் குடிப்பார்கள். பெண்ணின் அப்பா கண்டிப்பாகப் பேச வேண்டும், கண்டிப்பாகத் தம்ளரைத் தூக்க வேண்டும்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை ஜெனி என் சமையலறையில் நின்றுகொண்டு, லேப்டாப்பைப் பார்த்தபடியே, போகிறபோக்கில் சொல்வது போல ஒன்றைச் சொன்னாள்.

"அம்மா, அப்பா சும்மா கையில பிடிச்சா போதும். குடிக்க வேண்டாம். லிப்ஸ் கிட்ட கொண்டு போயிட்டு கீழ வச்சிடட்டும். அப்ப யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

நான் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன்.

"பிடிச்சா போதுமா? ஏட்டி, அது உனக்க அப்பாவுக்கு என்னன்னு தெரிஞ்சுதான் பேசுதியா?"

"தெரியும்மா. அதனாலதான் சொல்றேன். எனக்கு அன்னைக்கு யாரும் அதைப் பத்தி பேசக் கூடாது. ஒரே ஒரு நாள்."

அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் சம்மதிக்கவும் இல்லை. அன்றைக்கே சொல்லிவிட்டேன், இந்தக் கல்யாணத்தில் உன் அப்பாவின் தம்ளரில் என்ன இருக்க வேண்டும் என்பதை நான்தான் முடிவு செய்வேன், அதை என் கையால் நானே செய்வேன், அந்த மாளிகைக்காரன் வேண்டாம் என்றாலும் கொண்டுவருவேன் என்று.

3

செல்வின் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். எனக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்ததும், நாலு வயது ஜெனியையும் தூக்கிக்கொண்டு என் பின்னால் வந்தார். அவருடைய சான்றிதழ் எதுவும் இங்கே செல்லவில்லை. ஒரு பெரிய கிடங்கில் இரவு வேலைதான் கிடைத்தது. ஐந்தாறு வருடம் ஒன்றும் இல்லை. பிறகு வேலை முடிந்து வருகிற வழியில் கூட்டாளிகளோடு ஒரு பீர். பிறகு கூட்டாளிகள் இல்லாமலும் பீர். பிறகு ஓட்கா. ஓட்காவுக்கு மணம் இல்லை என்று சொல்கிறவர்கள் கல்யாணம் ஆகாதவர்களாக இருக்க வேண்டும். மனைவிக்கு மணக்கும்.

அந்த வருடங்களில் ஊரிலிருந்து யார் கூப்பிட்டாலும் செல்வின் 'டியூட்டிக்குப் போயிருக்கிறார்'. அவர் சோபாவில் கிடப்பார், நான் போனைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு சிரிப்பேன். மாமியார் இறந்தபோது அவர் ஊருக்கு வராததற்கு நான் சொன்ன காரணம் விசா. அது விசா இல்லை. விமானத்தில் ஏற்ற முடியாத நிலையில் அவர் இருந்தார்.

ஒன்பது வருடத்துக்கு முன் நிறுத்தினார். நான் நிறுத்த வைக்கவில்லை, அவராக ஒரு காலை எழுந்து, நான் வேலை செய்யாத வேறொரு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறிப் போனார். இன்றைக்கும் செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு கூட்டத்துக்குப் போகிறார். அங்கே வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவரும் பெயரைச் சொல்லி, நான் குடிகாரன் என்று சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார்களாம். வீட்டில் அந்தச் சொல்லை நாங்கள் யாரும் சொன்னதில்லை.

இப்படிப்பட்ட மனிதனிடம் நிறைந்த தம்ளரைக் கொடுத்து, மூக்குக்கு நேரே பிடி, உதட்டில் பட வை, ஆனால் குடிக்காதே என்று நடிக்கச் சொன்னால் எனக்குக் கோபம் வராமல் என்ன வரும்?

4

இஞ்சித் தண்ணியை எங்கள் பக்கத்தில் தெரியாத கிறிஸ்தவ வீடு கிடையாது. வேறு வீடுகளில் ஜிஞ்சர் ஒயின் என்பார்கள். அதில் ஒயின் ஒரு சொட்டும் இல்லை. ஆனாலும் என் அப்பா சபைக் கமிட்டியில் இருந்ததால் அந்தப் பெயர்கூட எங்கள் வீட்டு வாசல் ஏறவில்லை. இஞ்சித் தண்ணி, அவ்வளவுதான்.

டிசம்பரில் கிறிஸ்துமஸ் கேரல் பாடிக்கொண்டு வீடு வீடாகப் போவோம். முதல் வீட்டில் முந்திரிக்கொத்து, இரண்டாவது வீட்டில் அச்சுமுறுக்கு, மூன்றாவது வீட்டில் கேக், நாலாவது வீட்டில் மறுபடியும் முந்திரிக்கொத்து. வேண்டாம் என்று சொன்னால் அந்த வீட்டம்மாவுக்கு வருத்தம். ஏழெட்டு வீடு ஆனதும் வயிறு கல்லாகிவிடும். அப்போது ஒரு வீட்டில் சின்னத் தம்ளரில் இஞ்சித் தண்ணி வரும். தொண்டை எரியும், காது சூடாகும், கண்ணில் தண்ணீர் வரும். ஒரு நீண்ட ஏப்பம். அவ்வளவுதான், அடுத்த வீட்டு முந்திரிக்கொத்துக்கு வயிறு தயார். எங்கள் சபையில் கேரல் பாடும் பயல்கள் கூட்டத்துக்கு டிரம் அடித்தவர் செல்வின். நான் அவரை முதலில் பார்த்ததே அப்படி டிரம் அடித்து, ஏப்பம் விட்டு, மறுபடியும் டிரம் அடித்துக்கொண்டிருந்தபோதுதான்.

ஊர் நினைவு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு இதை எழுதவில்லை. எங்கள் ஊரிலும் டாஸ்மாக் வரிசை எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். நான் சொல்வது ஒன்றே ஒன்று. நாற்பது பேர் சேர்ந்து இரவெல்லாம் ஆடிப்பாடிச் சந்தோஷமாக இருக்க எங்களுக்குச் சாராயம் தேவைப்படவில்லை. அதைக் குறையாக நினைத்து நான் எதற்கு இந்த ஊர்க்காரர்கள் முன்னால் கூச வேண்டும்?

5

மாளிகை மேலாளர் ஒரு சின்னப் பையன். கழுத்துப்பட்டை, பளபள ஷூ. வெளியிலிருந்து பானம் கொண்டுவர ஒரு படிவம் உண்டு என்றான். கடையில் வாங்கிய, சீல் உடைக்காத பாட்டில் என்றால் ஒரு பக்கப் படிவம். வீட்டில் செய்தது என்றால் நாலு பக்கம். என்னென்ன சேர்த்திருக்கிறது, யாருக்கு எது ஒவ்வாது, எந்தப் பாத்திரம், எத்தனை டிகிரியில் வைத்தது. கூடவே உணவுச் சுகாதாரச் சான்றிதழ் ஒன்றும் வேண்டும். அதை ஆன்லைனில் படித்துப் பரீட்சை எழுத வேண்டும்.

எழுதினேன். இருபத்திரண்டு வருடமாக அறுவைச் சிகிச்சை வார்டில் வேலை பார்க்கிற நான், 'எப்போது கை கழுவ வேண்டும்' என்ற கேள்விக்கு நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். பாஸ் என்று ஒரு பச்சை டிக் வந்தது. அதை அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவன் லேபிளைப் பார்த்தான். நான் 'செரிமானத்துக்கு நல்லது' என்று அழகாக எழுதியிருந்தேன். அதை எழுதக் கூடாதாம். நிரூபிக்காத உடல்நலப் பலன் எதையும் போடக் கூடாது, மாளிகைக்குப் பிரச்சினை வரும் என்றான். என் தொண்டை வரைக்கும் ஒரு பதில் வந்தது. விழுங்கிவிட்டு, அதை அடித்து, 'சாப்பிட்ட பிறகு குடிக்கவும்' என்று எழுதினேன். அதற்கு அவனிடம் விதி இல்லை.

"எதற்காக இவ்வளவு சிரமம்? எங்களிடம் ஆரஞ்சு ஜூஸ் இருக்கிறதே" என்று கேட்டான்.

"எங்கள் சபைக் கட்டுப்பாடு. குடிக்க மாட்டோம். இது எங்கள் வழக்கம்" என்றேன்.

டாமின் அம்மா கரோலிடமும் அதையே சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. உங்கள் பண்பாடு எவ்வளவு அழகு என்றார். இந்த நாட்டில் பண்பாடு என்று ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் போதும், அடுத்த கேள்வி வராது. சபைக் கட்டுப்பாடு உண்மைதான். ஆனால் அது காரணம் இல்லை. இப்படி ஓர் உண்மையை வைத்து இன்னோர் உண்மையை மூடுவதில் நான் இதற்குள் தேர்ந்துவிட்டிருந்தேன்.

6

இனி என் தப்பு.

ஜெனிக்கும் எனக்கும் கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. ஷாம்பெயின் வேண்டுகிறவர்களுக்கு ஷாம்பெயின், அப்பாவுக்கும் நம் ஆட்களுக்கும் இஞ்சித் தண்ணி. ஆனால் அதே தம்ளரில், அதே நிறத்தில் இருக்க வேண்டும் என்றாள். ஆகவே நிறத்துக்குப் போடும் கருக்கிய சீனி சேர்க்கக் கூடாது. சீனியை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும், டாமின் சொந்தக்காரர்கள் இவ்வளவு இனிப்புக் குடிக்க மாட்டார்கள். இஞ்சியைக் கொதிக்க வைத்தால் சத்துப் போய்விடும் என்று ஏதோ ஒரு வீடியோவை வேறு அனுப்பினாள். அதில் ஒல்லியான ஒரு பெண் இஞ்சியைத் தோலோடு பச்சையாக அரைத்துப் பிழிந்தாள்.

எல்லாவற்றுக்கும் சரி என்றேன். படிவத்தோடும் மேலாளரோடும் மல்லுக்கு நின்ற நான், மகளிடம் கரைந்துபோனேன். கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கையில் பதினெட்டு பாட்டில் நிரப்பினேன். அங்கே போய்க் கலக்க நேரம் இருக்காது என்று தண்ணீரையும் முன்கூட்டியே சேர்த்துவிட்டேன்.

ஊரில் என்றால் பாட்டிலை ஒரு நாள் மொட்டை மாடி வெயிலில் வைப்போம். இஞ்சியின் வெள்ளை மாவு அடியில் இறங்கி, மேலே தெளிவாக நிற்கும். டிசம்பர் மாதம் இங்கே வெயிலுக்கு நான் எங்கே போவேன்? வீட்டில் ஒரே ஒரு சூடான இடம், துண்டு துணி காய வைக்கும் பாய்லர் அலமாரி. பதினெட்டையும் அதற்குள் அடுக்கிக் கதவைச் சாத்தினேன். தோலோடு அரைத்த பச்சை இஞ்சி, போதாத சீனி, கலந்த தண்ணீர், கதகதப்பான இருட்டு. கள் இறக்குகிறவன்கூட இவ்வளவு கச்சிதமாக ஏற்பாடு செய்திருக்க மாட்டான். எனக்கு அது அப்போது உறைக்கவே இல்லை.

7

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு, மத்தியானம். நான் வார்டில் இருந்தேன். டியூட்டியில் போனை எடுக்கக் கூடாது. ஒரு மணிக்கு லாக்கரைத் திறந்தபோது செல்வினிடமிருந்து ஐந்து மிஸ்டு கால்.

ஒன்பது வருடமாக அவர் என்னை வேலை நேரத்தில் கூப்பிட்டது கிடையாது. அதற்கு முந்தைய வருடங்களில் கூப்பிடுவார். அப்போதெல்லாம் நான் எடுத்தால் மறுமுனையில் குழறலாக ஏதாவது கேட்கும், அல்லது யாரோ ஒரு அந்நியர் பேசுவார், இவர் எங்கள் கடை வாசலில் கிடக்கிறார் என்று. திரும்பக் கூப்பிட எனக்குத் தைரியம் இல்லை. வீட்டில் அவசரம் என்று சொல்லிவிட்டு பஸ் பிடித்தேன்.

வீட்டு வாசலில், தூறலில், சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். கோட்டு இல்லை. காலில் வீட்டுச் செருப்பு. உதடு நீலமாகியிருந்தது.

"உள்ள போகாம என்ன செய்யுதீங்க இங்க?"

"ஜெசி, இஞ்சித் தண்ணி பொங்கிப் போச்சு. துண்டு எடுக்கப் போனேன், ஒரு பாட்டிலுக்க மூடி தெறிச்சு. மத்ததை என்னன்னு ஒண்ணைத் திறந்து பாத்தேன். கள்ளாக்கும் அது. நல்ல கள்ளு மணம்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "மூடி வச்சிட்டேன். உள்ள நிக்க முடியல்ல. அதான் வெளிய வந்து நிக்கேன். நீ போய் எடுத்துக் களை."

"எப்பம் இருந்து நிக்கீங்க?"

"உன்னை முதல்ல கூப்பிட்டதுல இருந்து."

இரண்டு மணி நேரம் இருக்கும்.

அடுத்து நான் செய்ததைத்தான் எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதியதை அவர் அடிக்கவில்லை, அதனால் இருக்கட்டும். நான் கிட்டே போய், குளிரில் நடுங்குகிற மனிதனின் முகத்தருகே என் முகத்தைக் கொண்டுபோனேன். அணைக்க இல்லை. முகர்ந்து பார்க்க. என் உடம்பு என்னைக் கேட்காமலே அதைச் செய்தது.

அவருக்குப் புரிந்துவிட்டது. பின்வாங்கவில்லை. வாயைத் திறந்து, சோதனைக்கு நிற்கிற டிரைவர் மாதிரி, ஊதிக் காட்டினார்.

இஞ்சி மணம்கூட இல்லை. குளிர்தான்.

"போதுமா?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகக் கேட்டார்.

நான் உள்ளே போய், ஜன்னலைத் திறந்து, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பதினெட்டு பாட்டிலையும் கொட்டினேன். ஒவ்வொன்றும் மூடியைத் திருகியதும் சீறியது. குழாயை முழுசாகத் திறந்துவிட்டும் அந்த மணம் போக வெகு நேரம் பிடித்தது. என் கணவரின் கையில் கள் வந்துவிடக் கூடாது என்று நாலு பக்கப் படிவம் நிரப்பிய நான், என் வீட்டு அலமாரிக்குள்ளேயே பதினெட்டு பாட்டில் கள்ளைப் புளிக்க வைத்து, அவரைத் தனியாக அதனோடு விட்டுவிட்டு வேலைக்குப் போயிருக்கிறேன். அவர் அதைக் கையில் பிடித்து, முகர்ந்து, மூடி வைத்திருக்கிறார். நானோ அவர் வாயை முகர்ந்தேன்.

8

மறுநாள் நெய்யூரில் இருக்கும் என் அக்கா லில்லியைக் கூப்பிட்டேன். அவளுக்குச் செல்வின் விஷயம் எதுவும் தெரியாது. இஞ்சித் தண்ணி புளித்துவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

"சீனி கொறச்சியா?"

"கொறச்சேன்."

"இஞ்சியைக் கொதிக்க வச்சியா?"

"இல்ல."

"பின்ன புளிக்காம? சீனிதான் மக்கா அதைக் கெடாம வைக்கும். பாவு கெட்டியா இருந்தா வருஷம் ஒண்ணானாலும் ஒண்ணும் ஆகாது. இங்கிலாந்துல போய் எல்லாம் மறந்து போச்சா உனக்கு?"

அன்று நானும் செல்வினும் சமையலறையில் உட்கார்ந்தோம். அவர் கரண்டியால் இஞ்சித் தோலைச் சுரண்டினார். நான் நசுக்கிப் பெரிய பாத்திரத்தில் போட்டேன். பத்து வற்றல் மிளகாய், கிராம்பு, பட்டை, ஏலக்காய். நன்றாகக் கொதித்து வற்றியதும் துணியில் வடிகட்டி, அப்படியே ஆற வைத்தேன். வெயிலும் வேண்டாம், பாய்லரும் வேண்டாம், நாலு மணி நேரம் அசையாமல் இருந்தால் மாவு தானாக அடியில் இறங்கிவிடும் என்று அக்கா சொல்லியிருந்தாள். தெளிவை மட்டும் சாய்த்து ஊற்றி, கணக்குப் பார்க்காமல் சீனி போட்டுப் பாவு காய்ச்சினேன். சட்டியில் ஒரு பிடி சீனியைக் கருக்கி அதில் சேர்த்தேன். ஷாம்பெயின் நிறம் போய் நல்ல தேயிலை நிறம் வந்தது. நிறம் தெரிந்தால் தெரியட்டும். ஆறிய பிறகு எலுமிச்சை.

ஒரு கரண்டிப் பாவில் தண்ணீர் கலந்து செல்வினிடம் கொடுத்தேன். நான் முகரவில்லை. அவர் குடித்து, கண்ணை இறுக மூடித் திறந்தார்.

"காரம் கொள்ளாம்" என்றார். பிறகு, இஞ்சித் தோலை வழித்துக் குப்பையில் போட்டபடியே, "ஜெனி எழுதித் தந்த பேச்சு இரிக்கில்லா, அதை நான் வாசிக்கப் போறதில்ல" என்றார்.

"பின்ன?"

"அன்னைக்குப் பாத்துக்கலாம்."

முந்தின நாள் அவர் வாயை முகர்ந்த எனக்கு, எதிர்த்துக் கேட்க வாய் இல்லை.

9

விருந்தில் எழுபது பேர். எங்கள் பக்கம் பதினொன்று. வறுத்த மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, அதன் மேல் கெட்டிக் குழம்பு, அதற்கும் மேல் வெண்ணெய் ததும்புகிற புட்டிங். மேலாளர் பையன் என் பாட்டில்களைத் தனி மேசையில், லேபிள் தெரியும்படி அடுக்கியிருந்தான். பரிமாறும்போதுதான் சோடாத் தண்ணீர் கலந்தார்கள்.

முதலில் டாமின் அப்பா பேசினார். எல்லோரும் எழுந்து குடித்தோம். பிறகு பெண்ணின் அப்பா என்று அறிவித்தார்கள். செல்வின் எழுந்தார். கோட்டுப் பையிலிருந்து ஜெனி எழுதிய தாளை எடுத்து, மடிப்பைப் பிரிக்காமல் மேசை மேல் வைத்தார். ஜெனி என்னைப் பார்த்தாள். நான் மேசை விரிப்பைப் பார்த்தேன்.

அவருடைய ஆங்கிலம் இன்றைக்கும் மஸ்கட் ஆங்கிலம்தான். அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"என் பெயர் செல்வின். நான் ஒரு குடிகாரன். குடியை விட்டு ஒன்பது வருடம் ஆகிறது. என் கையில் இருப்பது இஞ்சி. இது எங்கள் சபை வழக்கம் என்று என் மனைவி உங்களிடம் சொன்னாள். அது எனக்காகச் சொன்னது. ஜெனிக்குப் பதினைந்து வயதில், பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்கு நான் குடித்துவிட்டுப் போனேன். நாற்காலியிலிருந்து விழுந்தேன். தன் அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி, மயக்கம் என்று அவள் டீச்சரிடம் சொன்னாள். சின்னப் பிள்ளை, ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னாள். இந்த இரண்டு பெண்களும் எனக்காக நிறையச் சொல்லிவிட்டார்கள். இனி அவர்கள் சொல்ல வேண்டியதில்லை. டாம், என் மகளிடம் நீ என்றைக்கும் இதைக் கேட்காதே, உனக்காகப் பொய் சொல்லும்படி. உங்கள் கையில் என்ன இருந்தாலும் சந்தோஷமாகக் குடியுங்கள். ஜெனிக்கும் டாமுக்கும்."

தம்ளரைத் தூக்கினார். நாற்காலிகள் தள்ளுகிற சத்தம், எல்லோரும் எழுந்தார்கள்.

ஜெனி எழுந்திருக்கவில்லை. அவள் முகம் சிவந்து, உதடு கோணி, பதினைந்து வயதில் இருந்த மாதிரியே ஆகிவிட்டது. இந்த ஒரே ஒரு நாள் வேண்டும் என்று கேட்டவள் அவள். அதை அவர் அவளுக்குக் கொடுக்கவில்லை. அவள் கோபப்பட்டிருந்தாலும் நியாயம்தான் என்று இப்போதும் நினைக்கிறேன். முதலில் தன் கையிலிருந்த ஷாம்பெயினைக் குடித்து முடித்தாள், முழுசாக. அதன் பிறகு கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்பாவிடம் வந்து, அவர் தம்ளரைப் பிடுங்கி, மிச்சமிருந்ததை ஒரே மடக்கில் குடித்தாள். பத்து மிளகாய் போட்ட இஞ்சித் தண்ணி. புரையேறி, இருமி, கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர்.

"ஏட்டி, பைய குடி" என்று முதுகில் தட்டினார் செல்வின்.

"நீங்க எங்கிட்ட கேட்டிருக்கணும்ப்பா" என்றாள் இருமலுக்கு நடுவே.

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்ப மோளே."

"ஆமா. சொல்லியிருப்பேன்." அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். கோட்டில் அவள் கண்மை அப்பிக்கொண்டது.

அதன் பிறகு அந்தத் தனி மேசைக்கு ஆள் வரத் தொடங்கியது. டாமின் பெரியப்பா, மாட்டிறைச்சியை இரண்டு தட்டுச் சாப்பிட்டவர், இரண்டு தம்ளர் குடித்துவிட்டு ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி ஓர் ஏப்பம் விட்டார். மன்னிப்பும் கேட்டார். நான் மேலாளர் பையனைத் தேடிப் பிடித்து, இதை லேபிளில் எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவனும் சிரித்தான்.

கரோல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "என் அண்ணனும்" என்றார். அவ்வளவுதான். நான் அவருக்கு ஒரு தம்ளர் ஊற்றிக் கொடுத்தேன்.

10

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லில்லி அக்கா கூப்பிட்டாள். ஊரில் மத்தியானம். பின்னணியில் தட்டுச் சத்தம், பேச்சு, சிரிப்பு. சபை முடிந்து சித்தப்பா குடும்பம், அத்தைமார், எல்லோரும் அவள் வீட்டில் சாப்பாட்டுக்குக் கூடியிருக்கிறார்கள் என்று புரிந்தது. கல்யாணப் போட்டோ எல்லாம் வந்து சேர்ந்துவிட்டதாம்.

"ஏட்டி ஜெசி, போட்டோவுல எல்லாரும் கையில தம்ளரு வச்சிட்டு நிக்காவ. செல்வினும் வச்சிருக்கான். சித்தப்பா கேக்காரு, அங்க போய் குடிக்கப் படிச்சிட்டானான்னு. நான் அதுக்கு, செல்வின் பச்சத்தண்ணி மாதிரி, அவன் வாழ்க்கையில தொட்டது கிடையாதுன்னு சொல்லிட்டேன்."

இதே அக்காவிடம்தான் விசா என்று சொன்னேன், டியூட்டி என்று சொன்னேன். இப்போதும் ஒரு 'ஆமா அக்கா' போதும். அவள் போனை வைத்துவிட்டு, நிம்மதியாக மீன்குழம்பு பரிமாறப் போவாள். செல்வின் எதிரே உட்கார்ந்து சாக்ஸ் மடித்துக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அது இஞ்சித் தண்ணி அக்கா. நீ சொன்ன மாதிரி காய்ச்சினது. ஆனா செல்வின் தொட்டது கிடையாதுன்னு சொல்லாத. குடிச்சாரு. ஏழு வருஷம் நல்லா குடிச்சாரு. அவருக்க அம்மா செத்தப்பம் வராததும் அதனாலதான், விசா இல்ல. விட்டு ஒம்பது வருஷம் ஆச்சு."

மறுமுனையில் அக்கா வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசினாள்.

"யேசுவே. பைய சொல்லுட்டி. இங்க எல்லாரும் இருக்காவ, கேட்டிரப் போகுது."

நான் செல்வினைப் பார்த்தேன். அவர் சாக்ஸை மடித்து முடித்திருந்தார். என்னைப் பார்த்து, சொல்லு என்பது போலத் தலையசைத்தார்.

"ஸ்பீக்கர்ல போடு அக்கா" என்றேன்.